இறக்கிய மென்பொருள் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துச் சரியான பில்டைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு மென்பொருளை இறக்கப் போனால் எக்ஸ்86, எக்ஸ்64, ஏஎம்டி64, ஏஆர்எம்64, ஏஆர்ச்64, ஐ686, யுனிவர்சல் என்று ஏழெட்டு கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரே மென்பொருளை வெவ்வேறு கணினி வகைகளுக்காகக் கட்டிய இந்தக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு பில்ட். எது யாருக்கு என்ற விளக்கம் பல பக்கங்களில் இருப்பதில்லை. ஏதோ ஒன்றை எடுக்கிறோம், ஓடவில்லை. திரையில் வரும் செய்தியும் பெரும்பாலும் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. கோப்புதான் பழுது என்று நினைத்து நாலைந்து முறை இறக்கிப் பார்ப்பவர்களையும், கடைசியில் கணினியையே ஃபார்மட் செய்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக வேண்டியதே இல்லை.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆப்பையும் செயலி என்கிறோம், ப்ராசசரையும் செயலி என்கிறோம். இந்தத் தலைப்பில் அது பெரிய குழப்பத்தைத் தரும் என்பதால் இங்கே ப்ராசசர், மென்பொருள் என்றே எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

பெயர்கள் பல, குடும்பங்கள் இரண்டு

மேசைக் கணினி, லேப்டாப், ஃபோன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் நமக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் இரண்டே குடும்பங்கள்.

ஒன்று எக்ஸ்86. 1978-ல் வந்த இன்டெல் 8086-லிருந்து கிளைத்தது. 1985-ல் வந்த 80386-தான் இதில் முதல் 32 பிட் (ஒரே அடியில் 32 இலக்க இரும எண்ணைக் கையாளும்) ப்ராசசர். அதனால்தான் ஐ386, ஐ686, வெறும் எக்ஸ்86 என்றெல்லாம் போட்டிருந்தால் 32 பிட் என்று எடுத்துக்கொள்கிறோம். இதை 64 பிட்டுக்கு நீட்டியது இன்டெல் அல்ல, ஏஎம்டி. 2003-ல் ஆப்டெரான் ப்ராசசரோடு அது வெளிவந்தது, அடுத்த ஆண்டே இன்டெலும் அதே வழிக்கு வந்தது. ஆக ஏஎம்டி64, எக்ஸ்64, எக்ஸ்86_64 மூன்றும் ஒன்றேதான். "என்னுடையது இன்டெல் ஆயிற்றே, ஏஎம்டி கோப்பை எப்படி எடுப்பது?" என்று தயங்க வேண்டாம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஐஏ64 என்று போட்ட கோப்பை மட்டும் தொடாதீர்கள். பெயரில் இன்டெல் வாடை அடித்தாலும் அது இட்டானியம் என்ற தனி இனத்துக்கானது.

இன்னொன்று ஏஆர்எம். ஏஆர்எம்64, ஏஆர்ச்64 இரண்டும் 64 பிட்டின் இரு பெயர்கள். ஏஆர்எம்வி7, ஏஆர்எம்எச்எஃப் என்றால் 32 பிட். 2020 கடைசியில் வந்த எம்1 முதல் ஆப்பிள் சிப்புகள், ஸ்னாப்டிராகன் லேப்டாப்புகள், ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி போர்டு, ஏறக்குறைய எல்லா ஃபோன்களும் இந்தப் பக்கம். யுனிவர்சல் என்று போட்ட மேக் கோப்பில் இரண்டு குடும்பங்களுக்கானதும் சேர்ந்தே இருக்கும்.

உங்களிடம் எது என்று பார்க்க: வின்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரி இருக்கும். மேக்கில் ஆப்பிள் மெனுவின் முதல் வரியைத் திறந்தால், "சிப்" என்று இருந்தால் ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த ஏஆர்எம் சிப்), "ப்ராசசர்" என்று இருந்தால் இன்டெல். லினக்ஸில் யூநேம் -எம்.

இவ்வளவு தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ப்ராசசர் ஒரு அடுக்கு. அதன் மேல் இயங்குதளம், அதன் மேல் நீங்கள் திறந்திருக்கும் மென்பொருள், சில நேரம் அதற்குள்ளும் ஒரு ப்ளக்-இன். 64 பிட் ப்ராசசரில் 32 பிட் இயங்குதளம் இருக்கலாம், 64 பிட் இயங்குதளத்தில் 32 பிட் மென்பொருள் ஓடலாம். நீங்கள் இறக்கும் கோப்பு, அதைக் கையில் எடுத்து ஏற்றப்போகும் அடுக்கோடு பொருந்த வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைத் தவறவிட்டதால் வருபவை.

அறிகுறி: வின்டோஸில் "இந்த ஆப்பை உங்கள் கணினியில் இயக்க முடியாது" என்கிறது

"சரியான வின்32 பயன்பாடு அல்ல" என்ற செய்தியும், 193 என்ற பிழை எண்ணும் இதே வகைதான். முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். பக்கத்தில் 80 எம்பி என்று போட்டிருக்க உங்களிடம் 3 எம்பி இருந்தால் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. மறுபடி இறக்குவது பயன் தருவது அந்த ஒரு நேரத்தில்தான்.

அளவு சரி என்றால் சிஸ்டம் டைப் வரிக்குப் போங்கள். அந்த வரியில் இரண்டு பாதிகள் உண்டு: முதல் பாதி இயங்குதளம், இரண்டாவது பாதி ப்ராசசர். "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசசர்" என்று இருந்தால் எக்ஸ்86 பில்டைத்தான் எடுக்க வேண்டும். வின்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே இது வின்டோஸ் 10-ஐயும் அதற்கு முந்தையவற்றையும் வைத்திருப்பவர்களுக்கு.

ஏஆர்எம் லேப்டாப் என்றால் ஏஆர்எம்64 பில்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வின்டோஸ் 11 எக்ஸ்64 மென்பொருளையும் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். வின்டோஸ் 10 உள்ள ஏஆர்எம் லேப்டாப் அப்படியல்ல. அது 32 பிட் எக்ஸ்86 மென்பொருளை மட்டும்தான் மொழிபெயர்க்கும். அங்கே எக்ஸ்64 ஓடாமல் எக்ஸ்86 ஓடுவதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

மிகப் பழைய மென்பொருளானால் அது 16 பிட்டாக இருக்கலாம். 64 பிட் வின்டோஸில் அதற்கு வழியே இல்லை. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரோ மெய்நிகர் கணினியோதான் வேண்டும்.

அறிகுறி: வின்டோஸில் 0எக்ஸ்சி000007பி என்ற பிழை எண்

இந்த எண்ணைப் பார்த்தால், மென்பொருள் சரியானதாக இருந்து, அது கூப்பிட்ட ஒரு டிஎல்எல் கோப்பு (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) வேறு பிட்டாக இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். இதைச் சரிசெய்ய யாரோ தெரியாத தளத்திலிருந்து தனி டிஎல்எல் இறக்கிப் போடுவது மிகவும் ஆபத்தான பழக்கம், தயவுசெய்து செய்யாதீர்கள். பல மென்பொருள்களுக்குத் தேவையான டிஎல்எல்கள் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து, எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் நிறுவுங்கள். 64 பிட் கணினியிலும் இரண்டும் வேண்டும், ஏனென்றால் 32 பிட் மென்பொருள் 32 பிட் டிஎல்எல்லைத்தான் தேடும்.

அப்படியும் போகவில்லை என்றால், யாராவது ஏற்கெனவே கையால் டிஎல்எல்லை நகலெடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 64 பிட் வின்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பவை 32 பிட் கோப்புகள். பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் நேர் எதிர். பழைய மென்பொருள்கள் சிஸ்டம்32 என்ற பாதையை உள்ளேயே எழுதி வைத்திருந்ததால் அந்தப் பெயரை மாற்ற முடியாமல் போனது. பெயரை நம்பிக் கோப்பை மாற்றிப் போட்டவர்கள் ஏராளம்.

அறிகுறி: லினக்ஸில் எக்ஸெக் ஃபார்மட் எரர்

இது நேர்மையான செய்தி. பெரும்பாலும் வேறு குடும்பத்தின் கோப்பை ஓட்டப் பார்க்கிறீர்கள். ஃபைல் என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். எந்தக் கட்டமைப்பு, எத்தனை பிட் என்று ஒரே வரியில் வந்துவிடும். மேக்கிலும் இந்தக் கட்டளை இருக்கிறது. அங்கே இதே தவறு "பேட் சிபியு டைப்" என்ற செய்தியாக வரும்.

கன்டெய்னருக்குள் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு மூட்டையாகக் கட்டி ஓட்டும் முறை) இந்தப் பிழை வந்தால், ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் கட்டிய இமேஜை, அதாவது அந்த மூட்டையை, எக்ஸ்86 சர்வரில் போட்டிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். கட்டும்போதே பிளாட்ஃபார்ம் என்ற விருப்பத்தில் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: கோப்பு கண்முன்னே இருக்கிறது, "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது

என்னை ஒரு முழு மாலை நேரம் உட்கார வைத்த பிழை இது. ஒரு சிறிய ஏஆர்எம் போர்டில் ஒரு மென்பொருளை இறக்கி விரித்தேன். எல்எஸ் கட்டளை கோப்பைக் காட்டியது, அனுமதிகளும் சரியாக இருந்தன. ஓட்டினால் மட்டும் கோப்பு இல்லை என்றது. பெயரில் எழுத்துப்பிழையா, கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்று என்னென்னவோ தேடினேன்.

இல்லாத கோப்பு வேறு ஒன்று. லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்கள் தன்னந்தனியாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் "என்னை ஏற்ற இந்த லோடரைக் கூப்பிடு" என்று ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். அந்த லோடர் உங்கள் கணினியில் இல்லாவிட்டால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) "கோப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பும். எந்தக் கோப்பு என்று ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் மென்பொருள்) சரியாகச் சொல்லாததால் நாம் மென்பொருளையே சந்தேகிக்கிறோம்.

ஃபைல் கட்டளையின் பதிலில் "இன்டர்ப்ரெட்டர்" என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த லோடரின் பாதை தெரியும். அந்தப் பாதையில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 64 பிட் லினக்ஸில் 32 பிட் மென்பொருளை ஓட்டுகிறீர்கள், 32 பிட் நூலகங்கள் நிறுவப்படவில்லை. எனக்கு நடந்தது இதுதான். டெபியன் வகையில், தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜியின் ஆட்-ஆர்க்கிடெக்ச்சர் விருப்பத்தோடு அந்த 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்துவிட்டு, லிப்சி6 என்ற அடிப்படை சி நூலகத்தின் 32 பிட் வடிவத்தை நிறுவினால் ஓடும். ஆனால் 64 பிட் பில்ட் கிடைக்கிறதென்றால் அதை எடுப்பதே சுலபம்.

இரண்டாவது காரணத்தில் ப்ராசசரும் பிட்டும் பொருந்தியிருக்கும், சி நூலகம் பொருந்தியிருக்காது. ஆல்பைன் லினக்ஸ் மசல் என்ற நூலகத்தை வைத்திருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் ஜிலிப்சி. டவுன்லோட் பக்கத்தில் "லினக்ஸ்-க்னூ", "லினக்ஸ்-மசல்" என்று பெயர் பிரிந்திருப்பது இதற்காகத்தான். ஆல்பைன் என்றால் மசல் பில்டையே எடுங்கள்.

அறிகுறி: தொடங்குகிறது, ஆனால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று சாகிறது

குடும்பம் சரி, பிட் சரி, லோடர் சரி. ஆனாலும் உங்கள் ப்ராசசருக்குத் தெரியாத ஒரு கட்டளையை மென்பொருள் கொடுத்துவிட்டது. வின்டோஸில் இது சத்தமில்லாமல் மூடிக்கொள்வதாகத் தெரியும். ஈவென்ட் வியூவரில் 0எக்ஸ்சி000001டி என்ற எண் இருந்தால் இதுதான்.

எக்ஸ்86_64 என்பது 2003-ல் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் புதுக் கட்டளைகள் சேர்ந்தன. 2020-ல் இவற்றை வி1 முதல் வி4 வரை நான்கு படிகளாக வகுத்தார்கள். முதல் படி ஆரம்பகால 64 பிட் ப்ராசசர்கள். வி2 என்றால் எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுப்பு வரை. வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 வேண்டும், இன்டெலில் 2013-ல் வந்த ஹாஸ்வெல்லிலிருந்து இது தொடங்குகிறது. வி4 என்றால் ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹாட் என்டர்ப்ரைஸ் லினக்ஸ் 9-க்கு வி2 வேண்டும், 10-க்கு வி3 வேண்டும். மாங்கோடிபி தரவுத்தளம் 5.0 முதல் ஏவிஎக்ஸ் (ஏவிஎக்ஸ்2-க்கு முந்தைய தொகுப்பு) கேட்கிறது. டென்சர்ஃப்ளோவின் ஆயத்த பில்டுகள் 2018-ல் வந்த 1.6 முதலே ஏவிஎக்ஸ் கேட்கின்றன.

ப்ராசசர் வந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பென்டியம், செலரான் என்ற பெயரில் வந்தவற்றில் பல, ஹாஸ்வெல்லுக்குப் பிறகு வந்திருந்தும் ஏவிஎக்ஸ் இல்லாமலே வந்தன. லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று அடித்து, ஃப்ளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது.

டவுன்லோட் பக்கத்தில் வி2, வி3, ஏவிஎக்ஸ்2, "நோ-ஏவிஎக்ஸ்", "பேஸ்லைன்" என்று வால் ஒட்டிய கோப்புகள் இருந்தால் வித்தியாசம் இதுதான். சந்தேகமிருந்தால் குறைந்த படியை எடுங்கள். சில கணக்கு வேலைகளில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஓடும். அப்படி ஒரு கோப்பே இல்லையென்றால் பழைய பதிப்பைத் தேடலாம், அல்லது மூலநிரலிலிருந்து நீங்களே பில்ட் செய்துகொள்ளலாம்.

இரண்டு இடங்களில் ப்ராசசரைக் குறை சொல்வதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினி என்றால், உண்மை ப்ராசசரில் ஏவிஎக்ஸ் இருந்தும் அதை உள்ளே காட்டாத சிபியு மாடல் தேர்வாகியிருக்கலாம். அமைப்பில் அதை "ஹோஸ்ட்" என்று மாற்றினால் போதும். ஆப்பிள் சிலிக்கானில் ரொசெட்டா என்ற ஆப்பிளின் மொழிபெயர்ப்பான் வழியாக ஓடும் இன்டெல் மென்பொருள் என்றால், 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில்தான் ரொசெட்டாவுக்கு ஏவிஎக்ஸ் தெரிய வந்தது. அதற்கு முந்தைய மேக்ஓஎஸ் என்றால் முதலில் அதை மேம்படுத்துங்கள்.

ஏஆர்எம் பக்கமும் இந்த வலி உண்டு. முதல் ராஸ்ப்பெரி பையும் முதல் பை ஸீரோவும் ஏஆர்எம்வி6. டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் தொகுப்புகளுக்கு ஏஆர்எம்வி7 வேண்டும். ராஸ்ப்பெரி பை ஓஎஸ் தன் தொகுப்புகளுக்கும் அதே ஏஆர்எம்எச்எஃப் என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அவை வி6-க்காகக் கட்டப்பட்டவை. ஒரே பெயர், உள்ளே வேறு வேறு. பை ஸீரோவில் டெபியன் களஞ்சியத்தைச் சேர்த்து எதையாவது நிறுவினால் நிறுவும்போது எந்தப் புகாரும் வராது, ஓட்டும்போது செத்துவிடும்.

அறிகுறி: மென்பொருள் நன்றாக ஓடுகிறது, ப்ளக்-இன் மட்டும் ஏறவில்லை

இங்கே ப்ராசசரை மறந்துவிடுங்கள், இயங்குதளத்தையும் மறந்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரே மென்பொருளுக்குள் (ஒரே ப்ராசஸுக்குள்) 32 பிட் கோடும் 64 பிட் கோடும் சேர்ந்து வாழாது. ப்ளக்-இன் எந்த மென்பொருளுக்குள் ஏற வேண்டுமோ, அந்த மென்பொருளின் பிட் என்ன என்பதுதான் கேள்வி.

64 பிட் வின்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் இருக்கிறதா? ஆட்-இன்னும் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். எக்செல்லில் ஃபைல், அக்கவுன்ட், அபௌட் என்று போனால் மேலே பிட் எழுதியிருக்கும். தரவுத்தளத்தோடு பேச உதவும் ஓடிபிசி டிரைவருக்கும் இதே கதை. வின்டோஸில் ஓடிபிசி நிர்வாகிகள் இரண்டு உண்டு, 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதன் வழியாகத் தேடினால் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

பைத்தானில் "இந்த பிளாட்ஃபார்முக்கு ஏற்ற வீல் அல்ல" என்று வந்தால் (வீல் என்பது பைத்தானின் ஆயத்தத் தொகுப்பு) பைத்தானைத் திறந்து முதல் வரியைப் படியுங்கள். வின்டோஸில் அங்கேயே 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். பிட் சரியென்றால் பைத்தான் பதிப்பைப் பாருங்கள். வீலின் பெயரில் இருக்கும் சிபி311, சிபி312 போன்றவை அதைக் குறிப்பவை.

மேக்கில் "பொருந்தாத கட்டமைப்பு, இருப்பது எக்ஸ்86_64, வேண்டியது ஏஆர்எம்64" என்று வரும் செய்தி எனக்குப் பிடித்த பிழைச்செய்தி. என்ன இருக்கிறது, என்ன வேண்டும் இரண்டையும் சொல்லிவிடுகிறது. எல்லா மென்பொருளும் இப்படிச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். இதற்கு வழக்கமான காரணம், பழைய இன்டெல் மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புது மேக்குக்கு அப்படியே மாற்றியது. மேக்கில் மென்பொருள்களை நிறுவும் கருவியான ஹோம்ப்ரூ, இன்டெலில் யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற இடத்திலும், ஆப்பிள் சிலிக்கானில் ஆப்ட்/ஹோம்ப்ரூ என்ற இடத்திலும் குடியிருக்கும். இரண்டும் இருந்தால் பழையதை நீக்கிவிட்டுத் தேவையானதைப் புதிதாக நிறுவுங்கள்.

அறிகுறி: யூநேம் ஒன்று சொல்கிறது, இன்ஸ்டாலர் வேறொன்று சொல்கிறது

ராஸ்ப்பெரி பை 4-ல் யூநேம் -எம் ஏஆர்ச்64 என்று காட்டுகிறது. நம்பி ஏஆர்எம்64 தொகுப்பை எடுக்கிறீர்கள். "தொகுப்பின் கட்டமைப்பு இந்தக் கணினியோடு பொருந்தவில்லை" என்று டிபிகேஜி மறுக்கிறது. இரண்டும் உண்மையே. யூநேம் சொல்வது கெர்னலைப் பற்றி மட்டும். 32 பிட் ராஸ்ப்பெரி பை ஓஎஸ் சில மாடல்களில் 64 பிட் கெர்னலோடு எழுகிறது, மேலே இருக்கும் மற்ற எல்லாம் 32 பிட். ஆகவே டெபியன் வகைக் கணினிகளில் டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்ச்சர் என்று கேளுங்கள். அது சொல்வதே முடிவு. மற்றவற்றில் கெட்கான்ஃப் லாங்_பிட் 32 அல்லது 64 என்று பதில் தரும்.

மேக்கிலும் இது நடக்கும். டெர்மினல் ரொசெட்டாவின் கீழ் திறந்திருந்தால், எம் வரிசைச் சிப்பிலும் யூநேம் எக்ஸ்86_64 என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு முடிவெடுக்கும் இன்ஸ்டாலர்கள் எல்லாம் வரிசையாக இன்டெல் பில்டையே போடும். டெர்மினலின் கெட் இன்ஃபோவில் ரொசெட்டா மூலம் திறக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கோட் எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால், எடிட்டரே இன்டெல் பில்டா என்று பாருங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் மந்தம், பேட்டரியும் சீக்கிரம் கரைகிறது

மொழிபெயர்ப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். வின்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஆர்க்கிடெக்ச்சர் என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் கைண்ட் என்ற நெடுவரிசை இன்டெல், ஆப்பிள் என்று காட்டும். ரொசெட்டாவை நம்பியே இருந்துவிடவும் வேண்டாம். மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாக இருக்கும், அதன் பிறகு சில பழைய கேம்களுக்கு மட்டும் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்துவிட்டது.

அறிகுறி: 16 ஜிபி ரேம் இருக்க, "நினைவகம் போதவில்லை" என்கிறது

32 பிட் பில்ட். அதன் முகவரி எல்லையே 4 ஜிபி, வின்டோஸில் சாதாரணமாக அதில் பாதிதான் மென்பொருளுக்கு. ரேம் வாங்கிப் போடுவதால் எதுவும் மாறாது, 64 பிட் பில்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: மென்பொருள் ஓடுகிறது, பிரிண்டரோ விபிஎன்னோ வேலை செய்யவில்லை

மொழிபெயர்ப்பு சாதாரண மென்பொருளுக்கு மட்டும்தான். கெர்னலுக்குள் போகும் டிரைவருக்கு அது கிடையாது. ஏஆர்எம் வின்டோஸுக்கு ஏஆர்எம்64 டிரைவர், 64 பிட் வின்டோஸுக்கு 64 பிட் டிரைவர், வேறு வழியில்லை. ஆன்டிவைரஸ், விபிஎன், சில கேம்களின் மோசடித் தடுப்பு எல்லாம் டிரைவரோடு வருபவை. ஏஆர்எம் லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறிகுறி: ஃபோனில் ஏபிகே நிறுவ மறுக்கிறது

ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்புகள் ஏஆர்எம்64-வி8ஏ, ஏஆர்எம்இஏபிஐ-வி7ஏ, எக்ஸ்86, எக்ஸ்86_64 என்று பிரிந்து வரும். கடந்த சில ஆண்டுகளில் வந்த ஃபோன் என்றால் பெரும்பாலும் முதலாவது. 2022-ல் வந்த பிக்சல் 7 போன்ற ஃபோன்கள் 64 பிட்டை மட்டுமே ஏற்கும், பழைய 32 பிட் ஆப் அங்கே ஏறவே ஏறாது. விலை குறைந்த சில ஃபோன்களில் நிலைமை நேர் எதிர்: ப்ராசசர் 64 பிட், போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு 32 பிட். அங்கே வி7ஏ கோப்புதான் ஏறும். பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஆப் என்றால் அங்கிருந்தே எடுங்கள், உங்கள் ஃபோனுக்குரிய பில்டை அதுவே தேர்ந்தெடுத்து அனுப்பிவிடும்.